கறுப்பின் மேல் கறுப்பு

சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் அன்றைக்கு இரும்புக்கு மதிப்பில்லை. கம்பி ஏற்ற வந்த லாரிகள் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோய் நின்றன. வழியை அடைத்துக்கொண்டு ஒரு வரிசை. நின்றவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்திருந்தார்கள். சிலர் துண்டில் சுற்றி, சிலர் மஞ்சள் பையில் போட்டு. ஒருவர் திருநீறு பூசி, குங்குமம் வைத்து, மூடிமேல் எலுமிச்சம்பழத்தையும் உருளாமல் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். வண்டி வாங்கியவன்கூட இவ்வளவு செய்யமாட்டான்.

வரிசை போய் முடிகிற இடம், பைப் கடைக்கு மேல் மாடியில் ரஷீது பாய் நடத்துகிற கம்ப்யூட்டர் பயிற்சி மையம். வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பேனர்.

‘வர்ணசித்தர் சண்முகவேல் வந்துவிட்டார்! நிரலில் பிழையா? வேலை அமையவில்லையா? உங்கள் எடிட்டரின் நிறமே காரணம்! ஜாதகப்படி நிறம் மாற்றித் தரப்படும். பிழைகள் உங்கள் கண்ணெதிரே மறையும்!’

கடைசி வரியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பேனரில் இருந்த ஒரே உண்மை அதுதான்.

கம்ப்யூட்டர் பக்கம் போகாதவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடலாம். மெஷினுக்கு இன்ன வேலை செய் என்று எழுதிக் கொடுப்பதுதான் நிரல். பிள்ளைகள் வாயில் அது ‘கோடு’. எழுதுகிற இடத்துக்குப் பெயர் எடிட்டர். கறுப்புத் திரையில் எழுத எழுத, கட்டளை ஒரு நிறத்தில், பெயர் ஒரு நிறத்தில், எண் ஒரு நிறத்தில் தானாக மாறிக்கொள்ளும். தப்பாக எழுதினால் அதன் அடியில் சிவப்பாக ஒரு நெளிகோடு ஓடும். எல்லாம் எழுதுகிறவர் கண்ணுக்குத்தான், மெஷினுக்கு இல்லை. லாரிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற கம்பியில் சிவப்புத் துணி கட்டுகிறோமே, கம்பிக்கு அழகு பார்க்கவா கட்டுகிறோம்? பின்னால் வருகிறவன் கண்ணில் பட்டு, அவன் தப்பவேண்டும் என்றுதான். அந்த மாதிரி. எந்த நிறம் பிடிக்கவில்லையோ அதை அமைப்புப் பக்கத்தில் போய் நாமே மாற்றிக்கொள்ளலாம். அதற்குச் சித்தர் தேவையில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கத் தெரிந்தால் போதும்.

ஆனால் சண்முகவேல் சித்தராகிவிட்டாரே! அதற்கு முன்னால் அவர் வாஸ்து மீன் தொட்டி விற்றுக்கொண்டிருந்தார். வாசலில் வைத்தால் லட்சுமி வருவாள் என்று சொல்லி விற்ற மீன்கள் வாரம் தாண்டாமல் மிதந்ததில், தொட்டி வாங்கியவர்கள் லட்சுமிக்குப் பதிலாக சண்முகவேலைத் தேடினார்கள். அவர் ஒரு பிரவுசிங் சென்டருக்குள் ஒளிந்தார். ஒளிந்த இடத்தில் கற்றுக்கொண்டார். முழுசாக இல்லை. எடிட்டரில் நிறம் மாற்றுவது எப்படி என்கிற ஒன்றை மட்டும். அந்த ஒன்றை வைத்துப் பிழைத்துவிடலாம் என்று இந்த ஊரை எடை போட்டுவிட்டார். இரும்பு மார்க்கெட்டுக்குப் பொருத்தமான ஆள், எடை தப்பவில்லை.

பெயரைக் கேட்பார், பிறந்த நாளைக் கேட்பார், நட்சத்திரம் கேட்பார். அதன்படி நிறம் ஒதுக்குவார். பிறப்பைக் கேட்டு வர்ணம் பிரித்துக் கொடுக்கிற வேலை இந்த நாட்டுக்குப் புதிதா என்ன? அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மோகனப்ரியாவுக்கும் வரவில்லை. அவளுக்கு வரிசையில் நிற்கவே பயமாக இருந்தது, உள்ளே போவதற்குள் திங்கட்கிழமை வந்துவிடுமோ என்று.

திங்கட்கிழமை கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். பயிற்சி முடித்தவர்கள் தாங்கள் செய்ததை ஓட்டிக் காட்டவேண்டும். ஓடினால் வேலை. ஓடாவிட்டால் மோகனப்ரியாவுக்கு மறுபடியும் இறால் ஷெட். அங்கே அவள் வேலை பார்த்திருக்கிறாள். ஐஸ் தண்ணீரில் கை விட்டு நாள் முழுக்க இறால் உரிக்கிற வேலை. விரல் நுனி வெளுத்து, வெடித்து, சாப்பாட்டில் கை வைத்தால் காந்தும். அவள் அம்மா கன்னியம்மா காசிமேட்டில் மீன் விற்கிறவள். “படிச்சிகினு கீற பொண்ணு, இவளுக்கு இறால் எதுக்கு?” என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். இனி ஷெட்டுக்குப் போனால் விரல் மட்டும் காந்தாது.

மோகனப்ரியா செய்திருந்தது, கடலுக்குப் போகிற படகுகள் ஐஸ் கட்டிக்கு முன்கூட்டியே பதிவு செய்கிற ஒரு பக்கம். நல்ல யோசனைதான். பக்கம்தான் ஓடவில்லை. எடிட்டரைத் திறந்தால் மேலிருந்து கீழ்வரை சிவப்பு நெளிகோடுகள், சங்கரா மீனைக் கொட்டியது போல.

கூட வந்திருந்தவள் உமைமா. தண்டையார்ப்பேட்டைக்காரி, மோகனப்ரியாவோடு ஒரே பெஞ்சில் படித்தவள்.

“நிக்கிற நேரத்துல நாலு தப்பத் திருத்தியிருக்கலாம்டி,” என்றாள் உமைமா.

“நாலா? நானூறு கீதுடி. ஒண்ணத் திருத்துனா ஒம்போது வருது.”

“அப்ப சித்தரு திருத்திடுவாராக்கும்?”

முன்னால் நின்ற மாரியப்பன் திரும்பினார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், மகனின் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். “இன்னாமே அப்டி கேட்டுட்ட? எங்க தெருவுல ஒருத்தன், சித்தரு கை வெச்சாரு, மொத்த செவப்பும் ஓடிப்போச்சு. நான் கண்ணால பாத்தேன்.”

“ஓடிப்போன அப்பால புரோகிராம் ஓடிச்சா மாமா?” உமைமா விடவில்லை.

மாரியப்பன் முறைத்தார். “அது இன்டர்வியூ அன்னிக்கு ஓடும்.”

உள்ளே ஊதுபத்திப் புகை. சண்முகவேல் சுழல் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். நாற்காலி சுற்றாமல் இருக்கச் சக்கரத்துக்குச் செங்கல் வைத்திருந்தார்கள். காவி ஜிப்பா. பத்து விரலிலும் பத்து நிறத்தில் கல் மோதிரம். பக்கத்தில் போனைக் காட்டிப் பணம் அனுப்புவதற்கான கட்டம் போட்ட க்யூஆர் அட்டை, அதற்கு மாலை. காணிக்கை என்று சொன்னால் சித்தருக்குக் கோபம் வரும். ‘நிறச் செலவு’ என்று சொல்லவேண்டும்.

“நட்சத்திரம்?” என்று கேட்டார் செந்தமிழ்க் குரலில்.

“கேட்டைங்க,” என்றாள் மோகனப்ரியா.

“ஆகா! விருச்சிக ராசி. அதிபதி செவ்வாய். செவ்வாயின் நிறம் யாது?”

“செவப்புங்க.”

“உன் திரையில் ஓடுவது?”

மோகனப்ரியாவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. “செவப்புங்க!”

“செவ்வாய் தோஷம், குழந்தாய். கம்ப்யூட்டருக்கே பிடித்திருக்கிறது. செவ்வாயை அடக்க வல்லவன் சனி ஒருவனே. சனியின் நிறம் கறுப்பு.”

லேப்டாப்பை மடியில் வாங்கினார். கட்டளைகளுக்கு மஞ்சள், குருவுக்கு. பெயர்களுக்குப் பச்சை, புதனுக்கு. எண்களுக்கு வெள்ளை, சுக்கிரனுக்கு. திரையின் அடியில் எத்தனை பிழை என்று எண்ணிக் காட்டுகிற பட்டையை மடக்கினார். அது ராகு நுழைகிற வாசலாம். கடைசியாகக் கண்ணை மூடி, “ஓம் சனைச்சராய” என்று முணுமுணுத்து, ஒரு பொத்தானைத் தட்டினார்.

சிவப்பு மொத்தமும் மறைந்தது. ஒரு கோடு இல்லை. கூட்டம் “ஆ!” என்றது. ரஷீது பாயும்தான். அவர் மையத்துக்கு இவ்வளவு கூட்டம் வந்ததே அற்புதம் என்பதால் அவருக்கு வேறு அற்புதம் எதையும் சோதித்துப் பார்க்க மனம் வரவில்லை.

“ஒன்று சொல்வேன் கேள்,” என்றார் சித்தர். “இன்டர்வியூ நேரம் வரைக்கும் இதை ஓட்டிப் பார்க்காதே. கருவில் வளரும் பிள்ளையை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைப்பார்களா? ஓட்டினால் சக்தி கலைந்துவிடும்.”

பிறகு உமைமாவைப் பார்த்தார். “உனக்கும் மாற்றித் தரலாமே அம்மா.”

“எனக்கு நட்சத்திரம் கெடையாதே.”

“நஜர் உண்டல்லவா? கண் பட்டிருக்கும். கண்ணேறுக்கும் கறுப்புதான்.”

“எங்க பக்கத்து வூட்டு சிலுவையம்மாளுக்கு?”

“சாத்தானுக்கும் கறுப்பே.”

மூன்று மதத்துக்கும் ஒரே டப்பா பெயின்ட். இதைவிட ஒற்றுமையை யார் வளர்த்தார்கள்? உமைமா தன் லேப்டாப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். “என் செவப்பு என்கிட்டயே இருக்கட்டும் சாமி. பழகிடுச்சு.”

மோகனப்ரியாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கடலரிப்புக்குக் கல் கொட்டியிருக்கிற திருவொற்றியூர்க் கரையில் ஒரு பாறைமேல் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். மோகனப்ரியா லேப்டாப்பைத் திறந்து திறந்து பார்த்தாள். மஞ்சள், பச்சை, வெள்ளை. சிவப்பு இல்லாத திரை. இறால் இல்லாத உலகம்.

“ஒரு தடவ ஓட்டிப் பாருடி,” என்றாள் உமைமா.

“சக்தி பூடும்.”

“ரொம்ப அழகாத்தான் கீது. கண்ணு பட்டுடப் போவுது. இரு, ஒரு திருஷ்டிப் பொட்டு வெக்கிறேன்.” உமைமா கையை நீட்டி, ஐஸ் கட்டிக்கு விலை போடுகிற வரிக்கு நடுவில், கன்னியம்மா காசிமேட்டில் கூவுகிற கூவலை அப்படியே அடித்தாள். ‘வாம்மா வா வஞ்சிரம் வவ்வாலு துள்ளுது பாரு’.

மோகனப்ரியா விழுந்து விழுந்து சிரித்தாள். “ஏய், அழிடி! எங்கம்மா பாத்துச்சுன்னா...”

சிரிப்பு பாதியில் நின்றது.

“உமைமா.”

“இன்னா?”

“செவப்பு வரல.”

இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள். நிரலுக்கு நடுவில் வஞ்சிரம் துள்ளிக்கொண்டிருக்கிறது. மெஷின் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முன்பெல்லாம் ஒரு புள்ளி விட்டுப்போனால்கூட ஒப்பாரி வைக்கிற மெஷின்!

“எங்கம்மா மீன் வித்தா கம்ப்யூட்டருக்கு எப்பிடிடி புரியும்?” என்று கேட்டாள் மோகனப்ரியா. கேட்டுக்கொண்டே அந்த வரியை அழிப்பதற்காக அதன்மேல் விரலை இழுத்தாள். தேர்ந்தெடுத்த வரிக்குப் பின்னால் நீலம் படர்ந்தது. நீலத்துக்கு மேல், வஞ்சிரத்துக்கு அடியில், எறும்பு ஊர்வதுபோல ஒரு கறுப்பு நெளிகோடு.

மொத்த நிரலையும் தேர்ந்தெடுத்தாள். திரை முழுக்க நீலம். நீலம் முழுக்கக் கறுப்பு எறும்பு. பழைய பிழைகள் ஒன்றுகூட எங்கேயும் போகவில்லை. கறுப்புத் திரையில் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு அடக்கமாக உட்கார்ந்திருந்தன.

ஓட்டினாள். ஓடவில்லை.

உமைமா ‘அப்போதே சொன்னேன்’ என்று சொல்லவில்லை. நல்ல தோழி. ஆனால் முகத்தை மட்டும் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள், சிரிப்பை அடக்க.

“துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்துவாங்க இல்ல,” என்றாள் மோகனப்ரியா மெதுவாக. “அத்தப் பாத்துட்டு எங்க ஆளுங்க கடலுக்குப் போவமாட்டாங்க. இந்தாளு கூண்ட எறக்கிட்டு, புயல நிறுத்திட்டேன்னு துட்டு வாங்கிகினு கீறான்டி!”

“சரி, இன்னும் நாள் கீது. வூட்டுக்குப் போய் ஒண்ணொண்ணாத் திருத்து. நானும் வரேன்.”

“நான் திருத்திப்பேன். மாரியப்பன் மாமா புள்ள? அந்த வரிசைல நின்னவங்க? எல்லாருகிட்டயும் ஓட்டாதன்னு சொல்லி வெச்சிருக்கான். திங்கக்கெழம மொத்த பேரும் கம்பெனிக்காரன் முன்னாடிதான் மொதல்ல ஓட்டுவாங்க. எல்லாம் படுத்துடும்.”

சனிக்கிழமை காலை. சனியின் நாள் என்பதால் அன்றைக்கு ‘வர்ணப் பெருவிழா’. இரும்பு யார்டில் பந்தல் போட்டு, பெரிய வெள்ளைத் திரை கட்டி, படம் காட்டுகிற மெஷின் வைத்திருந்தார்கள். கூட்டம் தெரு வரைக்கும். சண்முகவேல் அருள் பெற்றவர்களை மேடைக்கு அழைத்தார். “கண்ட அற்புதத்தைக் கூற யார் வருகிறீர்கள்?”

“நான்,” என்று மோகனப்ரியா எழுந்தாள்.

லேப்டாப்பை மேடையில் வைத்து ஒயரைச் செருகினாள். மஞ்சளும் பச்சையும் வெள்ளையுமாக அவள் நிரல் சுவர் உயரத்துக்கு எழுந்தது. கைதட்டல்.

“பாருங்கள்!” என்றார் சித்தர். “சிவப்பு எங்கே?”

“இல்லீங்க சாமி,” என்றாள் மோகனப்ரியா. “செவப்பு இல்லன்னா தப்பு இல்ல. அதான?”

“அதுவே என் சித்தாந்தம். என் நிறம் பட்ட திரையில் பொய்யும் பிழையும் நிற்காது. நின்றால் சனி பகவான் விடமாட்டான்.”

“எல்லாரும் கேட்டுக்கினீங்களா?”

“கேட்டுக்கினோம்!” என்றது கூட்டம்.

மோகனப்ரியா நிரலின் நட்டநடுவில் நிறுத்தி நிதானமாக அடித்தாள். எழுத்து எழுத்தாகப் பெரிய திரையில் விழுந்தது. முன்வரிசையில் மாரியப்பன் கண்ணைச் சுருக்கி உரக்கப் படித்தார்.

“சண்... முக... வேல்... ஒரு... டுபாக்கூர்.”

பந்தல் மொத்தமும் சித்தரைப் பார்த்தது, பிறகு திரையைப் பார்த்தது. திரையில் சிவப்பு இல்லை.

“செவப்பு வரலியே சாமி,” என்றாள் மோகனப்ரியா. “அப்ப இது தப்பு இல்ல. சனி பகவானே ஒத்துக்கினாரு.”

சண்முகவேல் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் செங்கல் உருண்டது. “இது பிழை! இது பெரும் பிழை!”

“பிழைன்னா செவப்பு எங்க?”

“அது... அது உள்ளே இருக்கும்!”

“உள்ள கீதா? அப்ப எங்க எல்லாரோட தப்பும் உள்ளதான் கீதா? நீங்க எடுக்கல?”

தப்பு இருக்கிறது என்றால் அற்புதம் பொய். தப்பு இல்லை என்றால் சித்தர் டுபாக்கூர். இரண்டு லாரிக்கு நடுவில் சைக்கிளோடு மாட்டிக்கொண்டவன் போல இரண்டு பக்கமும் பார்த்தார். பார்த்துவிட்டு, செந்தமிழைக் கழற்றிப் போட்டார். “இன்னாமே, நக்கலா? யாரு செட் பண்ணி அனுப்சது உன்ன? ராகு காலம் வந்துடுச்சு, மெஷின ஆஃப் பண்ணு!”

“ஆஃப் பண்ண வேணாம். வெளிச்சம் போடலாம்,” என்று உமைமா கீழிருந்து குரல் கொடுத்தாள்.

மோகனப்ரியா அமைப்புப் பக்கத்துக்குப் போனாள். எல்லாரும் பார்க்கவேண்டும் என்று மெதுவாகத்தான் செய்தாள். திரையின் பின்னணி நிறத்தைக் கறுப்பிலிருந்து சாம்பலுக்கு மாற்றினாள். அவ்வளவுதான். மந்திரம் எதுவும் சொல்லவில்லை. வரிக்கு வரி கறுப்பு நெளிகோடுகள், ஓடு தூக்கினால் தெரிகிற பூரான் மாதிரி நெளிந்துகொண்டு நின்றன. டுபாக்கூருக்கு அடியிலும் ஒன்று இருந்தது.

“தப்புக்கு நான் செவப்பு வெச்சிருந்தேன். இவரு கறுப்பு மேல கறுப்பு வெச்சாரு,” என்றாள் மோகனப்ரியா. “இதான் அற்புதம். மெஷினுக்கு நிறமே தெரியாதுங்க. நிறம் நமக்கு. இப்ப உங்க லேப்டாப்ப நீங்களே தொறந்து, இதே மாதிரி சாம்பல் வெச்சுப் பாருங்க.”

பந்தல் முழுக்க லேப்டாப்புகள் திறந்துகொள்கிற சத்தம். பிறகு ஒரு முனகல். பிறகு வடசென்னையின் அகராதி மொத்தமும் ஒரே நேரத்தில் வாசிக்கப்பட்டது. அதையெல்லாம் இங்கே எழுதினால் அச்சுக்காரர் கோபித்துக்கொள்வார்.

சண்முகவேல் மேடைக்குப் பின்னால் குதித்துத் தெருவுக்கு ஓடினார். ஓடி என்ன? அவர் சேர்த்த கூட்டத்தால் வழி அடைபட்டு, கம்பி லாரிகள் யார்டு வாசலை மறித்துக்கொண்டு நின்றன. இடுக்கில் நுழையப் பார்த்தவரின் ஜிப்பா கம்பியில் மாட்டியது. சிவப்புத் துணி கட்டிய கம்பிதான். சிவப்பைப் பார்த்துப் பழகியிருந்தால் தப்பித்திருப்பார்.

மாரியப்பன் ஜிப்பாவை விடுவித்துக் கொடுத்தார். விடுவித்த கை விடவில்லை. “நைனா, ஓடாத. ஓட்டிப் பாத்தா சக்தி கலைஞ்சிடும்னு நீதான சொன்ன?”

நிறச் செலவைத் திருப்பிக் கொடுக்காமல் அன்றைக்கு அவரை யாரும் விடவில்லை. ரஷீது பாய் யார் முகத்தையும் பார்க்காமல் ஏணி வைத்துப் பேனரை இறக்கினார். பிறகு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மையத்தைத் திறந்துவைத்து, எல்லாருக்கும் உட்கார்ந்து திருத்த இடம் கொடுத்தார். டீயும் அவர் செலவு. அது அவருக்கு நிறச் செலவு.

திங்கட்கிழமை மோகனப்ரியாவின் பக்கம் கம்பெனி அம்மாவின் முன்னால் நன்றாக ஓடியது. நடுவில் ஒரு இடத்தில் நின்றது. ஒரு சிவப்புக் கோடு எட்டிப் பார்த்தது. மோகனப்ரியா பதறவில்லை. கோட்டைப் பார்த்தாள், மூடாமல் விட்ட அடைப்புக்குறியைக் கண்டாள், மூடினாள், மறுபடி ஓட்டினாள். ஓடியது.

“இது என்ன கலர் செட்டிங்?” என்று கேட்டார் அந்த அம்மா. கட்டளைகள் வஞ்சிரத்தின் தோல் நிறத்தில் மின்னின. பெயர்கள் நண்டு ஓட்டின் நீலம். எண்கள் வேகவைத்த இறால். பிழைக் கோடோ, துறைமுகத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற சிவப்பு.

“என் கண்ணுக்கு நல்லாத் தெரியுது மேடம். அதான்.”

“நட்சத்திரப்படியா?” என்று பின்னாலிருந்து உமைமா கேட்டதில் மோகனப்ரியாவுக்குச் சிரிப்பு பீறிட்டு, வேலை போயிருக்கும். போகவில்லை. கிடைத்தது. இரண்டு பேருக்கும். கன்னியம்மா அன்றைக்குக் காசிமேட்டில் கூறு மீனுக்கு ஒரு மீன் கூடுதலாகப் போட்டாள். வஞ்சிரத்தில் அல்ல, அந்த அளவுக்கு அவள் ஏமாளி இல்லை. மலிவான மத்தி மீனில்.

சண்முகவேல் இப்போது மாத்தூரில் இருக்கிறார் என்று கேள்வி. கரண்ட் மீட்டரின் சிவப்பு விளக்குக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறாராம். ஒட்டினால் பில் குறையுமாம். வரிசை, பஸ் நிறுத்தம் வரை நிற்கிறதாம்.

நிற்கிறவர்கள் நில்லுங்கள். கால் உங்களுடையது. ஆனால் கூண்டு தெரியவில்லையே, கடல் அமைதியாகத்தான் இருக்கும் என்று யாராவது படகில் ஏறச் சொன்னால், ஏறுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். கூண்டு ஏறவில்லையா, இல்லை எவனாவது இறக்கிவிட்டானா?